மீசை எடுத்த செல்

“நீ டி செல், அந்தப் பக்கம் போ. நீ பி செல், இங்க வா. ஏய், யாருடா நீ புதுசா?”

கணினித் திரையோடு டாக்டரம்மா இப்படித்தான் பேசுவார். மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில், செல்களை ஆள் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. ஒவ்வொரு வகை செல்லின் மேற்பரப்பிலும் அதை அடையாளம் காட்டும் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒட்டும் ஒளிரும் சாயத்தைக் கலந்து, செல்களை லேசர் முன்னால் ஓடவிட்டால், திரையில் கூட்டம் கூட்டமாகப் புள்ளிகள் விழும். எந்தக் கூட்டம் எதுவென்று தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிடுவார்.

மனிதர்கள் விஷயத்தில்தான் சுத்த மோசம். மாடிவீட்டுக்காரரைத் தபால்காரர் என்று நினைத்து, “எங்களுக்கு ஏதாவது வந்திருக்கா?” என்று கேட்டவர். ஒருநாள் கணவர் மீசையை மழித்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்க, அம்மணி அவரைத் தாண்டி விறுவிறுவென்று போய்விட்டார்.

“லட்சக்கணக்கான செல்லை அடையாளம் கண்டுபிடிக்கிற, கட்டினவனைத் தெரியலையா?”

“அதுங்க மீசையை எடுக்காதுங்க!”

அந்த வாய்ச்சவடால் கொஞ்ச நாள்தான் நின்றது. இரத்தப் புற்றுநோய் கண்ட தையற்காரப் பெண் ஒருத்தியின் மாதிரி வந்தது. அவளுக்குக் கொடுத்த மருந்து, புற்றுசெல்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தை அடையாளமாக வைத்து அவற்றைத் தேடி அழிப்பது. சோதனையில் அந்தப் புரதத்தோடு ஒரு செல்கூட அகப்படவில்லை. கூட வேலை பார்ப்பவள் கேக் வாங்கவே கிளம்பிவிட்டாள்.

“இரும்மா, என்னமோ உறுத்துது.”

வேறு புரதங்களுக்கான சாயங்களைக் கலந்து மறுபடி ஓட்டினார். மூலையில், சிடி19-ஐ உதிர்த்துவிட்ட புற்றுசெல்களின் சின்னக் கும்பல் ஒன்று தலைகாட்டியது.

“அடப்பாவி! மீசையை எடுத்துட்டு உக்காந்திருக்கான் பாரு!”

தேநீரைத் தள்ளி வைத்தார். சிகிச்சை தரும் மருத்துவரைத் தாமே அழைத்துச் சொன்னார். மருந்தை மாற்றினார்கள். கேக் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பல வாரங்கள் கழித்து அந்தப் பெண்ணின் மாதிரி மீண்டும் வந்தது. கைவசம் இருந்த சாயம் ஒன்றையும் விடாமல் போட்டு ஓட்டினார். அந்த மூலை வெறிச்சோடிக் கிடந்தது, ஒரே ஒரு புள்ளியைத் தவிர. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்து, கட்டைவிரலால் மெல்லத் துடைத்தார்.

புள்ளி விரலோடு வந்துவிட்டது.