பச்சைத் துணி சுற்றிய கத்தரி

மாதம் ஒரு கொலை என்பது அட்டைக்காரருக்குப் பிழைப்பு. துப்பறியும் நாவல்களுக்கு மேலட்டைப் படம் வரைபவர் அவர். கதையைப் படிப்பதில்லை. பதிப்பாளர் போனில் ஒரு பொருளைச் சொல்வார்: உடைந்த மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, நின்றுபோன கடிகாரம். எதையும் கண்ணால் பார்த்துத்தான் வரைவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்த மாதம் கத்தரி. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கினார். விரல் காய்த்துப்போகாமலிருக்க அக்கா ஒரு பிடியில் பச்சைத் துணி சுற்றியிருந்தார். அதன் பிசிறைக்கூட விடாமல் வரைந்து, முனையில் மூன்று சொட்டு ரத்தமும் வைத்தார்.

புத்தகம் பெட்டிக்கடையில் தொங்கிய மூன்றாம் நாள், மாடியையும் கீழ்வீட்டையும் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா குளியலறையில் இறந்து கிடந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் முந்தின வாரம்தான் தையல் மெஷின் சத்தத்துக்காக அக்காவோடு மல்லுக்கு நின்றிருந்தார். தெரு அட்டையைப் பார்த்தது, அக்காவின் மேஜையைப் பார்த்தது, துப்பு துலங்கிவிட்டது! கீறலே இல்லாத பிணத்துக்குக் கத்தரி தேடும் புத்தி, ஏழை வீட்டு வாசலில் மட்டும்தான் இவ்வளவு வேகமாக ஓடும். போலீஸ் அக்காவைக் கத்தரியோடு கூட்டிப்போய், பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே விட்டது.

அட்டைக்காரர் அன்று ஸ்டேஷன் வாசல்வரை போனார். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலு நாள் கழித்துத்தான் கீழே இறங்கினார். அக்காவின் மேஜையில் தைக்க ஒரு துணி இல்லை.

"வாங்க தம்பி. படம் தத்ரூபமா இருக்காம். இன்ஸ்பெக்டரே சொன்னாரு."

"அக்கா, நான்..."

"ஸ்டேஷன் ஜன்னல்ல உங்க தலை தெரிஞ்சுது. அப்பாடா, தம்பி வந்து சொல்லிடுவாருன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா தலையைக் காணோம்."

காது மடல் எரிய, அவர் நேராகப் பெட்டிக்கடைக்குப் போனார். நாலு பேர் முன்னால் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இது அக்கா கத்தரி. நான்தான் இரவல் வாங்கி வரைஞ்சேன். ரத்தம் என் சாயம். அன்னைக்கே சொல்லாம ஒளிஞ்சுக்கிட்டேன்."

"இதைச் சொல்ல நாலு நாளாய்யா?" என்றார் கடைக்காரர். "நாங்க அந்தம்மாகிட்ட பேச்சையே நிறுத்திட்டோமே!"

மறுநாள் இரண்டு பேர் துணி கொண்டுவந்தார்கள். அக்கா வெட்ட ஆரம்பித்தார். பிடியில் பச்சைத் துணி இல்லை. போலீஸ் அவிழ்த்தது திரும்பி வரவேயில்லை. கட்டைவிரல் கன்றிச் சிவந்திருந்தது. அதைப் பார்க்காமல் படியிறங்க அட்டைக்காரர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார். முடியவில்லை.