கன்னம் பட்ட இடம்

திரியில் நெருப்பு வைத்துச் சுடும் எங்கள் ஜப்பான் திரித்துப்பாக்கியைத் தோளில் ஊன்றிச் சுட முடியாது. அதற்கேற்ற கட்டையே அதில் இல்லை. இரு கையாலும் தூக்கி, அடிக்கட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துத்தான் சுட வேண்டும். ஒரே ஆள் வருடக்கணக்கில் சுட்டால், கன்னம் படுகிற இடம் மட்டும் வேர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்து வழுவழுப்பாகிவிடும். கினு அக்கா பாதி ஆயுளுக்குத் தேடியது அப்படி ஓர் இடத்தைத்தான்.

நான் கியோட்டோவில் கோயில் முன்னால் மாதம் ஒருமுறை கூடும் பழம்பொருள் சந்தையில் கடை போடுகிறவன். வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் சுபா என்னும் கைக்காப்புத் தகடு, பிடியில் பதிக்கும் சின்னச் சின்ன வார்ப்பு உருவங்கள், இவைதான் என் சரக்கு. உலகப் போர் முடிந்ததும் வாள்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னபோது, பல வீடுகளில் தகட்டை மட்டும் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு மொட்டை வாளைக் கொடுத்தார்கள். அந்தத் தகடுகள்தான் இன்று என் வயிற்றை நிரப்புகின்றன.

அக்கா பீவா ஏரிப் பக்கத்து ஊரிலிருந்து முதல் ரயிலில் வருவாள். அங்கே பட்டு நெசவாலையில் வேலை. சந்தைக்குள் நுழைந்ததும் துப்பாக்கி வியாபாரிகளிடம்தான் போவாள். ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்துக் கட்டையைத் திருப்பிப் பார்ப்பாள், பிறகு கண்ணை மூடிக் கன்னத்தோடு வைத்துக்கொள்வாள். வாங்கியதே இல்லை. ஆனாலும் யாரும் அவளை விரட்டுவதில்லை. துருப்பிடித்த துப்பாக்கியை அவளிடம் கொடுத்தால் குழலைக் கட்டையோடு பிணைக்கும் மூங்கில் ஆணிகளை உருவி, குழலைக் கழற்றி, கொதிநீர் ஊற்றிக் கழுவி, கமீலியா விதை எண்ணெய் பூசித் தருவாள். கழற்றும்போது ஆணிகளைத் தரையில் வைக்கமாட்டாள், பல்லில் கடித்துக்கொள்வாள். எல்லாம் முடிந்த பிறகு என் கடையில் உட்கார்ந்து சோற்றுருண்டையைத் தின்றுவிட்டு, இரும்புத் தகடு ஒன்றை எடுத்துப் பருத்தித் துணியால் தேய்த்தபடி பேசிக்கொண்டிருப்பாள். செந்துரு கண்ட இடத்தில் மான்கொம்புத் துண்டால் மெல்லச் சுரண்டுவாள். கறுப்பு மெருகில் ஒரு கீறல் விழாது.

எதிரில் துப்பாக்கிக் கடை போடும் ஓகிக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது.

"அக்காவுக்கு இன்னிக்கு எந்த மாப்பிள்ளை புடிச்சுது?" என்பான்.

"உன் கடையில இருக்கறதெல்லாம் சவரம் பண்ணாத கிழம்டா. கன்னத்துல குத்துது" என்பாள் அவள்.

அவள் கணவன் எய்சாகு. இலையுதிர் காலத்து ஊர்த் திருவிழாவில் குண்டில்லாமல் வெறும் வெடிமருந்து போட்டு வரிசையாகச் சுடுவார்கள். அந்த வரிசையில் அவன் குடும்பத்துக்கு ஓர் இடம் உண்டு. பெண்களுக்கு வரிசையில் இடமில்லை. தீட்டாம். தீட்டுப்பட்ட அதே கைதான் சுட்டு முடித்த குழலைக் கழுவ வேண்டும், அதற்குத் தீட்டில்லை. கல்யாணமான முதல் வருடம் குழல் கழுவத் தண்ணீர் கொதிக்க வைத்தபோது, கரி எடுக்கும் இடுக்கி கினுவின் கையிலிருந்து நழுவித் துப்பாக்கிக் கட்டையில் விழுந்தது. பழுத்த இரண்டு முனையும் பட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எள்ளைப் போலக் கருகிவிட்டது. மாமனார் கத்திக்கொண்டு வந்தபோது, எய்சாகு வாயில் ஆணிகளைக் கடித்தபடியே, "நான்தாம்பா போட்டேன்" என்றானாம். அதைச் சொல்லும்போது வாயில் ஆணி இருக்கிற மாதிரி உதட்டை மூடிக்கொண்டு அவனைப் போலவே பேசிக்காட்டுவாள். அவள் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்தக் கதையில்தான்.

அவனைப் போர் கொண்டுபோனது. தெற்கே ஏதோ ஒரு தீவில் செத்தான் என்றார்கள். வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி ஒன்று வந்தது. எலும்பு இருக்க வேண்டிய பெட்டிக்குள் ஒரு கல் இருந்தது. கல்லை அனுப்பிவிட்டு, உன் புருஷன் இப்போது தெய்வமாகிவிட்டான், நாட்டைக் காக்கிறான் என்று ஒரு அதிகாரி வந்து குனிந்து வணங்கினார். செத்தவனைத் தெய்வமாக்கிவிட்டால் ஏன் செத்தான், யாருக்காகச் செத்தான் என்று கேட்க ஆளிருக்காது. எங்கள் பெரிய மனிதர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும்.

பெட்டி வந்த வருடமே, போர் முடிந்த இலையுதிர் காலத்தில் ஆயுதங்களை ஒப்படைக்க உத்தரவு வந்தது. மாமனார் துப்பாக்கியைப் போலீஸ் சாவடியில் கொண்டுபோய்க் கொடுத்தார். கினு ஆலையிலிருந்து திரும்பி வந்து வீடு முழுக்கத் தேடினாள். அவனுடைய சட்டைகளைத் துவைத்து மடித்தாயிற்று, படுக்கை மாற்றியாயிற்று. அவன் உடம்பு பட்டுத் துடைக்காமல் கிடந்தது அந்தக் கட்டை ஒன்றுதான். அதுவும் போயிருந்தது. எல்லாவற்றையும் ஏரியில் கொட்டிவிட்டதாகச் சாவடியில் சொன்னார்கள். ஆனால் லாரி ஏரிப் பக்கம் போகவில்லை, ஒசாகா சாலையில் போனது என்று ஒரு மீன்காரி அவளிடம் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் சந்தைக்கு வந்தாள்.

அவன் ஆவி அதில் இருக்கிறதா என்று ஓகி ஒருமுறை கேட்டான்.

"ஆவியாவது கீவியாவது. வேர்வை இருக்கு. அது போதும் எனக்கு" என்றாள்.

போன வருடம் ஒசாகாவில் முராசே என்ற ஓய்வுபெற்ற டாக்டர், தன்னிடமுள்ள சுபாக்களைப் பார்த்துத் தரம் பிரித்துத் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், நல்ல சேகரிப்பு. வேலை முடிந்து எழுந்தபோது சுவரில் இருந்த துப்பாக்கிகளைப் பார்த்தேன். மூன்றாவதன் கட்டையில் இரண்டு எள்.

அடுத்த சந்தை நாள்வரை எனக்குப் பொறுக்கவில்லை. நெசவாலைக்கே போன் போட்டுச் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "கட்டை எப்படி இருக்கு தம்பி?" என்றாள். நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது புதுசாகப் பளபளத்ததை நான் பார்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். இருப்பதில் நல்ல கிமோனோவை உடுத்தி வந்திருந்தாள். டாக்டர் துப்பாக்கியை இறக்கிக் கொடுத்தார். வாங்கியபோது கட்டை ஒரே அழுக்காக இருந்ததாகவும், தேர்ந்த ஆள் ஒருவரை வைத்துச் சுரண்டிப் புது அரக்கு ஏற்றியதாகவும், அந்தத் தீப்புண் மட்டும் ஆழம் என்பதால் போகவில்லை என்றும் பெருமையாகவே சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. அழுக்கு என்று அவர் சொன்னது என்ன என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

கினு இரண்டு எள்ளையும் கட்டைவிரலால் தடவினாள். பிறகு துப்பாக்கியைத் தூக்கிக் கண்ணை மூடிக் கன்னத்தோடு வைத்தாள். அறையில் அரக்கு வாசம்தான் இருந்தது. கீழே இறக்கியபோது முகத்தில் ஒன்றுமே இல்லை.

"குழலைக் கழுவி ரொம்ப நாளாச்சு போல. கழற்றிப் பாக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கை தானாகத் தன் வேலைக்குப் போனது என்று நினைக்கிறேன்.

டாக்டர் தலையசைத்தார். முதல் ஆணியை உருவிப் பல்லில் கடித்தாள். புது ஆணி. இரண்டாவதும் புதுசு. மூன்றாவது பழையது, பழுப்பேறி இருந்தது. அதையும் உருவி வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். மூன்று ஆணியையும் வெளியே எடுத்துப் புதியவை இரண்டையும் கீழே வைத்தாள். பழையதை மட்டும் மறுபடி பல்லுக்குள் வைத்து, மெல்ல இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். பிறகு என்னிடம் நீட்டினாள். மூங்கிலில் பல் தடம். பல நாள் ஒரே இடத்தில் கடித்த தடம். மூன்று பள்ளம், அதில் நடுவில் இருப்பது அரைப் பள்ளம்.

"அவருக்கு முன்பல் ஒண்ணு உடைஞ்சிருந்தது" என்றாள்.

நான் அவளிடம் கேட்ட கதைகளில் அந்தப் பல் வந்ததே இல்லை. அவளுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது.

டாக்டருக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துப்பாக்கியை எடுத்துப் போகச் சொன்னார், விலை பேசவேண்டாம் என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"துப்பாக்கி வேண்டாம் டாக்டர். அந்தக் கட்டையில இப்ப யாரும் இல்ல. இந்த ஆணிய மட்டும் குடுங்க" என்றாள் கினு.

கொடுத்தார். ஆனால் ஓர் ஆணி குறைந்தால் குழல் ஆடும், அப்படி ஒரு துப்பாக்கியை விட்டுவர அவளுக்கு மனம் வராது. மதியச் சோற்றை எடுத்துத் தின்னக் கொண்டுவந்த மூங்கில் குச்சிகளில் ஒன்றை எடுத்து, என் பையிலிருந்த சிறு கத்தியால் சீவி, துளையில் பொருத்திப் பார்த்து, மறுபடி சீவி, இறுக்கமாக நிறுத்தினாள். குழலுக்குள் கொதிநீர் ஊற்றி எண்ணெயும் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

திரும்பும் ரயிலில் ஆணியைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வீட்டிலிருக்கும் வெள்ளைப் பெட்டியில் அதை வைத்துவிடலாமே என்றேன்.

"அந்தப் பெட்டியில கவர்மெண்டோட கல்லு இருக்கு. அதுகூட இவரைப் படுக்க வைக்கமாட்டேன்" என்றாள்.

இனி அவள் சந்தைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த மாதம் முதல் ரயிலில் வந்தாள். வழக்கம்போலத் துப்பாக்கிக் கடைகளைச் சுற்றினாள், ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். என் கடைக்கு வந்து உட்கார்ந்ததும், அதுதான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதைத் தேடுகிறாய் என்று கேட்டேன்.

அவள் தட்டிலிருந்து ஒரு சுபாவை எடுத்துத் துணியால் தேய்க்க ஆரம்பித்தாள்.

"கிடைச்சது பல்லுக்குத் தெரியும் தம்பி. கன்னத்துக்குத் தெரியலயே" என்றாள்.