கப்பலில் இல்லாத மூன்று வருடங்கள்

சுவிஸில் பல்கலைக்கழகம் போவதற்கான மத்தூராப் பரீட்சைக்கு முன் எல்லோரும் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். வரலாற்று ஆசிரியை என்னை, எங்கள் தமிழ்ச் சனம் போகும் திரிம்பாக் கோவிலைப் பற்றி எழுதச் சொன்னார். "உங்களுக்குச் சுலபமாக இருக்கும்" என்றார். எனக்குச் சுலபமானது வேண்டியிருக்கவில்லை. பாய்மரக் கப்பல் காலத்து பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவரை எடுத்தேன். சில காலம் திருகோணமலையில் இருந்தவர், யாருக்கும் தெரியாத ஒரு கப்டன்.

அவர் ஒரு சின்னக் கடைக்காரரின் மகன். அப்போது லெப்டினன்ட் ஆக வேண்டுமென்றால் ஆறு வருடம் கடலில் இருந்திருக்க வேண்டும். பிறகு மூன்று கப்டன்களின் முன்னால் நின்று, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இவர் இருபது வயதில் தேறினார். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒருவருடைய கையும் பிடிக்காமல் மேலே ஏறியவர் என்று அவரைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன்.

கட்டுரை கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது, இங்கிலாந்துக் காப்பகத்திலிருந்து நான் கேட்டிருந்த கடிதங்களின் படங்கள் வந்தன. அவருடைய தாய் தன் தங்கைக்கு எழுதியவை. மகன் மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறானாம். அவன் பெயரைக் கப்பல் பதிவிலிருந்து எடுக்காமல் வைத்திருப்பதற்குத் தங்கையின் கணவருக்கு நன்றியாம். தங்கையின் கணவர்தான் அந்தக் கப்பலின் கப்டன். பதிவின்படி பையன் அந்த மாதம் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தான். இப்படி, அந்த ஆறு வருடத்தில் மூன்று வருடம் அவர் கப்பலிலேயே இல்லை.

முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை முடித்து வந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப உன்ரை கப்டன் கள்ளனோ?"

"அந்தக் காலத்திலை கனபேர் அப்பிடித்தான் அம்மா."

"ரீச்சர் அந்தக் கடிதத்தைப் பாத்தவவோ?"

"இல்லை."

"பேந்தென்ன? விடு. நாப்பது பக்கம் எழுதிப்போட்டாய்."

குசினியிலிருந்து அப்பா சிரித்தார். "எனக்கும் ஒரு சித்தப்பா கப்டனா இருந்திருந்தா, இப்ப டீட்டிகோன் கிடங்கிலை பெட்டி அடுக்குவனோ? அட்மிரல் எல்லோ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தனியாக ஏறியவர் என்பதைத்தான் நான் நம்பியிருந்தேன். கடிதத்தை மறைத்தால் அந்த நாற்பது பக்கமும் தப்பும். ஆனால் செய்யாத வேலைக்கு வருடம் எழுதிக்கொண்டவரைப் போலத்தான் நானும் இருப்பேன். அடுத்த நாளே இருபத்தாறு பக்கத்தை அழித்துவிட்டு, அந்தப் பொய்ப் பதிவிலிருந்தே தொடங்கினேன். ஒரு நாள் பிந்தித்தான் கொடுக்க முடிந்தது.

வாய்மொழித் தேர்வில் ஆசிரியை, அவர் மீது ஏமாற்றமா என்று கேட்டார்.

"ஓரளவு. ஆனால் மூன்று கப்டன்களின் முன்னால் சித்தப்பா நிற்கவில்லை. அங்கே அவரே பதில் சொன்னார். அதையும் எழுதியிருக்கிறேன்" என்றேன்.

ஆறுக்கு ஐந்தரை கிடைத்தது. ஓல்டன் ரயில் நிலையத்தில் நின்று வீட்டுக்கு அழைத்தேன்.

"மிச்ச அரைப் புள்ளி எங்கை, பிள்ளை?" என்றார் அம்மா.

"பிந்திக் குடுத்ததுக்கு வெட்டிப்போட்டினம்."

"நான் அப்பவே விடச் சொன்னனான்."

"ஓம், சொன்னனீங்கள்" என்றேன். அந்த அரைப் புள்ளியை நான் திருப்பிக் கேட்கவில்லை.