இரண்டு தட்டு, ஒரு தட்டு

கொச்சங்காடியில், சுக்குக் கிடங்குகளுக்கு எதிரே வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர் அவர். மெலிந்த ஆள். வெள்ளைத் தொப்பி, காதில் செருகிய டெஸ்டர். அந்தச் சந்தில் எந்த வண்டி ரிவர்ஸில் வந்தாலும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய் அதன் பக்கவாட்டில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும்.

ஜீப்பில் கட்டி இழுத்துப்போகும் எங்கள் கேம்பிங் டிரெய்லருக்கு ரிவர்ஸ் லைட் வைக்க அவரிடம் போயிருந்தேன்.

"இத்தன நாள் லைட் இல்லாம எப்படி பின்னால எடுத்தீங்க சாரே?"

"வைஃப் இறங்கி நின்னு தட்டுவா."

"இப்ப?"

"அவ இறந்து மூணு மாசமாச்சு."

மணி என்ன என்று கேட்டவரிடம் சொல்வதுபோல்தான் சொன்னேன். அவர் டிரெய்லருக்கு அடியில் போய்விட்டார்.

ஜீப்பின் ரிவர்ஸ் லைட்டிலிருந்து தனி வயர் இழுத்து, டிரெய்லரின் பின்னால் இரண்டு வெள்ளை விளக்குகளைப் பொருத்தினார். பின்னால் எடுக்கச் சொன்னார். இரண்டு தட்டு கேட்டது, எடுத்தேன். ஒரு தட்டு கேட்டது, நின்றேன்.

ஜன்னலருகே வந்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "சாரு கண்ணாடிய பாக்கவே இல்லல்லோ. ஒரு தடவ கூடி எடுங்க."

மறுபடி எடுத்தேன். தட்டுக்காகக் காத்துக்கொண்டே எடுத்தேன். டிரெய்லர் கிடங்குச் சுவரில் போய் இடித்து நின்றது.

அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன். சுவர் முழுக்க வெள்ளை வெளிச்சம். அதன் ஓரத்தில், போகிற வருகிற லாரிக்கெல்லாம் தட்டுகிற அந்த மனிதர், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.