பன்னிரண்டுக்கு ஒன்பது

நாடக மேடைக்கு செட் போடும் படிப்பில் நான் சேர்ந்த கதையை நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்போது பெரியவளுக்கு மூன்று வயது. சின்னவன் பிறக்கவில்லை. பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து சித்தூருக்கு வந்து, வீடு கட்டுகிற மேஸ்திரி ஒருவரிடம் தச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். நம் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் உளி பிடித்ததில்லை. எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நானும் எட்டாவதோடு நின்றவன்தான்.

பெங்களூரில் கம்பெனிக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்த காலம் அது. உங்கள் மாமன், அதாவது அம்மாவின் தம்பி, அங்கே போய்விட்டான். என்னையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போனால் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வீட்டுக்கு வர முடியும். எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாடகக் குழுவுக்கு ஒட்டுப்பலகையில் அரண்மனை வாசல் செய்து கொடுத்தேன். சாயம் பூசி விளக்குப் போட்டதும் கல் வாசலாகவே நின்றது. செய்த நானே நம்பிவிட்டேன். இதற்கென்று திருப்பதியில் ஆறு மாதப் படிப்பு இருக்கிறது, எட்டாவது போதும், தினமும் பஸ்ஸில் போய் வரலாம் என்று அந்தக் குழுவில் ஒருவர் சொன்னார். டிவி சேனல்கள் புதிது புதிதாக வந்துகொண்டிருந்ததால் வேலைக்கும் குறைவிருக்காது என்றார். விண்ணப்பம் போட்டேன். இடம் கிடைக்காவிட்டால் பெங்களூருக்கு வருகிறேன் என்று மாமனிடமும் சொல்லிவிட்டேன்.

வந்த கடிதம் தெலுங்கில் இருந்தது. புத்தலப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்த உங்கள் அம்மாதான் வாசித்துச் சொன்னாள். தேர்வுக்கு ஓர் அறையின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவர வேண்டும். மூன்று சுவர், பக்கச் சுவரில் ஒரு கதவு. அகலம் பன்னிரண்டு அடி, ஆழம் ஒன்பது அடி. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு.

எனக்குத் திக்கென்றது. மனையடி சாஸ்திரத்தில் ஒன்பதும் ஆகாது, பன்னிரண்டும் ஆகாது. வீட்டுக்காரரே கேட்டாலும் எங்கள் மேஸ்திரி அந்த அளவில் அறை போட மாட்டார்.

“பதினொண்ணுக்குப் பத்து போட்டுட்றேன். ரெண்டும் நல்ல அடி,” என்றேன்.

“பன்னெண்டுக்கு ஒம்போதுன்னு இங்க எழுதிக்கீதே,” என்றாள் அம்மா.

“எழுதனவருக்குத் தெரியல போல. பார்த்தா சந்தோஷப்படுவாரு.”

“அதுல நாமளா குடிபோகப் போறோம்? சொன்னதச் செய்யேன்யா.”

நான் கேட்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தேன். கதவுக்கு பால் பவுடர் டப்பாத் தகரத்தில் கீல் வெட்டி வைத்தேன். பெரியவள் அந்தக் கதவைத் திறந்து மூடியே பாதி கீலைத் தேய்த்தாள்.

திருப்பதி பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, “பாப்பாவுக்கு பொம்மை வூடா?” என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

அங்கே என்னைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். தேர்வு செய்கிற சார் மேசைமேல் ஒரு சின்ன மேடை செய்து வைத்திருந்தார். அறை நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பின்னால் திரையும் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொருவருடையதையும் வாங்கிக் கோட்டுக்குள் வைத்துப் பார்த்தார். என்னுடையது பக்கவாட்டில் ஓர் அங்குலம் குறைந்தது. பின்பக்கமோ ஓர் அங்குலம் நீண்டு, திரையைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அவர் தெலுங்குக்காரர். தமிழும் நன்றாகவே பேசினார். “ஏமய்யா, வேலை சுத்தமா கீது. அளவு மட்டும் ஏன் இப்படி?”

மனையடிக் கணக்கைச் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“இந்த ரூம்ல ஒரு பெரியவர் வர்றாரு. ரெண்டாவது சீன்லயே செத்துப்போயிடுவாரு. அவருக்கு நல்ல அடி போட்டு இன்னா புண்ணியம்?”

அதற்குப் பிறகு அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் பெங்களூர் பஸ் கண்முன்னால் வந்து நின்றது.

“நான் சாப்ட்டு வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா எடுத்துக்கினு போயிடு,” என்று எழுந்து போனார்.

வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். குறைக்கிறது சுலபம். கூட்டுவதற்குப் பலகைக்கு எங்கே போவது? பிறகு புரிந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் பின்னோரத்தில் ஓர் அங்குலம் அறுத்தால் ஆழம் ஒன்பது ஆகிவிடும். அறுத்த துண்டு ஒன்றைப் பின்சுவரோடு ஒட்டினால் அகலம் பன்னிரண்டு. மூன்று சுவருக்கும் உயரம் ஒன்றுதானே. பையில் ரம்பமும் பசையும் இருந்தன. ஆகாத அளவுக்கு என் கையாலேயே அறுக்கும்போது மனம் கொஞ்சம் கூசத்தான் செய்தது. அறுத்துவிட்டேன். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு பிரிக்காமலே இருந்தது.

சார் திரும்பி வந்து கோட்டுக்குள் வைத்தார். நாலு பக்கமும் சரியாக உட்கார்ந்தது. பின்சுவரை விரலால் தடவினார்.

“ஒட்டு தெரியுதே.”

“பேப்பர் ஒட்டி சாயம் அடிச்சா தெரியாது சார். மூணாவது வரிசையிலேர்ந்து பார்த்தா இப்பவே தெரியாது.”

அவர் நிஜமாகவே பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். “திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துடு,” என்றார்.

புளிச்சோற்றைத் தின்றுவிட்டு பூத்துக்குப் போய் மாமனுக்குப் போன் போட்டேன்.

“நான் வரல மச்சான். இடம் கெடைச்சிடுச்சி.”

“ஊரே இங்க காங்கிரீட் போட்டுக்கினுகீது. நீ அட்டை வூடு கட்டப்போறியா மாமா? நாடகம் முடிஞ்சா பிரிச்சிப் போட்டுடுவாங்களே.”

“பிரிச்சாத்தானே அடுத்த நாடகத்துக்கு என்னைக் கூப்புடுவாங்க,” என்றேன். அவன் “அக்காகிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டான்.

“இனிமேதான். நாலு மணி பஸ்ஸைப் புடிச்சா வெளிச்சம் இருக்கும்போதே போயிடலாம்,” என்று சொல்லிப் போனை வைத்தேன்.