ஆயிஷா பீவியும் கொழும்பு மெஷினும்

ஆயிஷா பீவி பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையத்தில். கணவர் பிச்சை முகம்மதுக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் பங்கு இருந்தது. வருஷத்தில் பத்து மாதம் அங்கே, பெருநாளை ஒட்டி இரண்டு மாதம் இங்கே என்று அவர் பிழைப்பு. மாமனார் மாமியார் முன்பே மௌத்தாகிவிட்டதால் மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் அவள் தனியாகவே இருந்தாள்.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஒன்றுகூடத் தொட்டிலைத் தாண்டவில்லை. மூன்றாவது, பெண் குழந்தை, முகம் பார்த்துச் சிரிக்கப் பழகிய பிறகு போனது. அதோடு ஆயிஷா பீவி பேச்சை விட்டாள். இடுப்பிலிருந்து கால் வரை ஒரு வலி வந்து தங்கிவிட்டது. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. வைத்தியர் நாடி பிடித்து வாயு என்றார். மதுரை ஹக்கீமின் லேகியத்தைத் தின்றாள். நாகூருக்கு நேர்ந்துகொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. இருபத்தாறு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் சீமையில் ஒரு மெஷின் பரவிக்கொண்டிருந்தது. தலைவலி, மூட்டுவலி, காது மந்தம், நரம்புத் தளர்ச்சி எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்று பத்திரிகைகளில் படம் போட்டு விற்றார்கள். வாங்கியவர்களில் பெண்கள் நிறைய. ஏன் நிறைய என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. கொழும்பில் வெள்ளைக்காரரின் மருந்துக் கடையில் அப்படி ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டி மூடியில் ஒரு துரைசானி அதைத் தன் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிச்சை முகம்மது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வாங்கினார்.

வீட்டில் அவர் பெட்டியைத் திறந்தபோது ஆயிஷா பீவி எட்டிப் பார்த்தாள். கை கனக்கும் இரும்பு. ஒரு பக்கம் கைப்பிடி, நடுவில் பல்சக்கரங்கள், முனையில் ரப்பர் குமிழ்.

"இது என்ன, காப்பிக்கொட்டை அரைக்கிறதா?"

"உன் நரம்புக்குத்தான் இது. கால நீட்டு."

ஒரு கையால் குமிழை அவளுடைய முழங்காலில் அழுத்தி, மறு கையால் சுற்றினார். மெஷின் உறுமியது. குமிழ் படபடவென்று அடித்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு தானே நீட்டினாள். கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டாள். பிள்ளை போனதற்குப் பிறகு அவள் சிரித்ததை அவர் பார்த்தது அன்றுதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிலிருந்து தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவர் மெஷினைச் சுற்றினார். "இங்கனயா? இன்னுங் கீழயா? வலிக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சுற்றினார். அதற்கு முன் அவள் உடம்பிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. வைத்தியர் கேட்டதில்லை, பேறு பார்த்தவள் கேட்டதில்லை, அவரே கேட்டதில்லை. முதலில் "ஆமா", "இல்ல" என்று மட்டும் சொன்னாள். போகப் போக இடம் சொன்னாள். ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தானே நகர்த்தினாள்.

சற்று நேரத்தில் அவள் உடம்பு விறைத்து நடுங்கியதும் அவர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். "என்னட்டி செய்யுது? தண்ணி கொண்டாரவா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, "ஒண்ணுஞ் செய்யல. அதுக்குள்ள நிறுத்திட்டியளே" என்றாள்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் அவரும் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியவர்போல உட்கார்ந்திருந்தார். பிறகு இருவரும் சிரித்தார்கள். ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள் அந்த இரண்டு மாதத்தில்தான் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். அவள் தூங்கினாள், சாப்பிட்டாள், சுவரை விட்டுவிட்டு நடந்தாள்.

அவர் கொழும்புக்குத் திரும்பினார். மெஷின் வீட்டில் இருந்தது. ஆயிஷா பீவி எழுந்து நடமாடுவதைக் கண்ட தெருப்பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முழங்கால் பிடித்த கிழவிகள், தலைக்குத்து உள்ளவர்கள், பிள்ளை பெற்று இடுப்பு விட்டுப்போனவர்கள் எல்லோருக்கும் அவள் சுற்றிவிட்டாள். "கொழும்பு மெஷின்" என்ற பேச்சு செட்டியார்பட்டி வரை போனது.

எதிர்வீட்டு மாரியாத்தாள் தோள்வலி என்று வந்தாள். அவள் பருத்தியில் கொட்டை எடுக்கிற வேலைக்குப் போகிறவள். புருஷன் சங்கையா விருதுபட்டிக்குப் பஞ்சுப்பொதி ஏற்றிப் போகும் வண்டிக்காரன். நாலு பிள்ளைகள். அவன் வண்டியோடு போயிருந்த ஒரு நாளில் மெஷினை இரவல் கேட்டு வாங்கிப் போனாள். மறுநாள் கொண்டுவந்து வைத்தாள். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அக்கா, நான் நாலு பெத்தவ. உடம்புக்குள்ள இப்படி ஒண்ணு உண்டும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

ஆயிஷா பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் யாரு சொன்னா?"

"அம்புட்டு நாளும் நான் கட்டையாட்டம் கெடந்திருக்கேன். அவிய ஏசுவாக, 'கட்டை, கட்டை'ன்னு." மாரியாத்தாள் கண்ணைத் துடைத்தாள். "இத அவியகிட்டச் சொல்லவாக்கா? இப்படின்னு தெரிஞ்சா அவியளுக்கும் நல்லதுதான?"

ஆயிஷா பீவி தன் கணவரை நினைத்துக்கொண்டு பதில் சொன்னாள். "சொல்லு. சந்தோசப்படுவாக."

சங்கையா விருதுபட்டியிலிருந்து திரும்பிய அன்று பகலிலேயே எதிர்வீட்டில் அலறல் கேட்டது. மாரியாத்தாளைத் தலைமயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தான். "ஏட்டி, எவஞ் சொல்லிக் குடுத்தான் உனக்கு? நான் ஊர்ல இல்லாதப்ப எவன் வந்தான்?"

"யாரும் வரல... மெஷினுதான்... அக்கா வீட்டு மெஷினு..."

ஆயிஷா பீவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அடி நிற்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, கீழே வைத்தாள். "அவ சொல்றது நெசம். இதத்தான் வாங்கிட்டுப் போனா. வேற ஒண்ணுமில்ல, அவள விடுங்க" என்றாள். சங்கையா அதை எடுத்துக் கிணற்றடிக் கல்லில் ஓங்கி அடித்தான். சக்கரங்கள் தெறித்தன. அடி மட்டும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே மாரியாத்தாளைச் சோழபுரத்தில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். பிள்ளைகளை அனுப்பவில்லை. தெருவில் அதற்குப் பிறகு ஆயிஷா பீவி வீட்டுக்கு யாரும் வரவில்லை. முழங்காலுக்குச் சுற்றிக்கொண்ட கிழவிகள்கூட அந்த வாசலை மிதித்ததே இல்லை என்றார்கள்.

செய்தி கொழும்புக்கும் போய்ச் சேர்ந்தது. பிச்சை முகம்மது பெருநாளுக்குக் காத்திராமல் வந்தார். கடைத்தெருவில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "என்ன பாய், கொழும்புல இருந்து என்னமோ கொண்டாந்தியளாம்?"

"எம் பொண்டாட்டிக்கு மேலுக்கு முடியல, கொண்டாந்தேன். உங்க வீட்டம்மாவுக்கு முடியலன்னா நீங்க என்ன கொண்டாருவீக?"

கேட்டவர் நடையைக் கட்டினார். வீட்டில் ஆயிஷா பீவி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். "நாந்தான் அவளச் சொல்லச் சொன்னேன். அவ குடிய நாந்தான் கெடுத்தேன்."

"நீ எனக்குச் சொன்ன மாதிரி அவ அவனுக்குச் சொல்லியிருக்கா. சொன்னதுல தப்பில்ல" என்றார். மறுநாள் சங்கையாவிடம் போய் மாரியாத்தாளைக் கூட்டிவரச் சொல்லிக் கெஞ்சினார். சங்கையா வேறு பெண் பார்த்துவிட்டிருந்தான்.

"வேற மெஷின் வாங்கியாரட்டுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"வேண்டாம்."

"வலிக்குமே."

"வலிச்சா நீங்க பிடிச்சு விடுங்க."

பிடித்துவிட்டார். மாதம் இரண்டு கழித்துக் கப்பல் ஏறினார். அந்த மழைக்காலத்தில் கொழும்பில் வாந்திபேதி பரவியது. தந்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தது. அவள் அண்ணன் காதர் அதை எடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்து, வாசலில் நின்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அழுதார். அடக்கம் அங்கேயே ஆகிவிட்டிருந்தது. கணவர் அடங்கிய கபுரை அவள் பார்க்கவில்லை, கடைசி வரை.

விதவைக்குரிய இத்தா நாட்களை வீட்டுக்குள் கழித்து முடித்த பிறகு, காதர் அவளை அழைத்துப்போக வண்டி கொண்டுவந்தார். ஆயிஷா பீவி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். சோழபுரம் வழியாகப் போக வேண்டும். சுற்றுவழி என்றாலும் அவர் மறுக்கவில்லை.

மாரியாத்தாள் மிளகாய்த் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் எழுந்தாள், வரப்புக்கு வரவில்லை. ஆயிஷா பீவிதான் இறங்கிப் போனாள்.

"மாரி, என்னிய ஏசிப்போடு. அதுக்குத்தான் வந்தேன்."

"ஏசி என்ன ஆவப் போவுது? உங்க வீட்டு ஆம்பள மாதிரியே எல்லா வீட்டுலயும் இருப்பாகன்னு நெனச்சுட்டியளே அக்கா."

ஆயிஷா பீவியின் வெள்ளைச் சேலையை அப்போதுதான் மாரியாத்தாள் கவனித்தாள். களைக்கொத்தைக் கீழே போட்டாள். "அய்யோ, அண்ணாச்சியா?" என்று வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார்கள்.

பிறகு மாரியாத்தாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்க சின்னவளப் பாத்தியளா? நடக்காளா?"

"நடக்காளாவா? ஓடுதா. காலையில எங்க வண்டி பின்னாடியே ஓடி வந்தா."

"சட்ட போட்டிருந்தாளா?"

போட்டிருக்கவில்லை. "போட்டிருந்தா" என்றாள் ஆயிஷா பீவி. "செவப்புச் சட்ட."

தோட்டக்காரர் சத்தம் போட்டதும் மாரியாத்தாள் எழுந்து வேலைக்குப் போனாள்.

காதர் தங்கைக்கு மறுபடி நிக்காஹ் செய்ய இரண்டு இடம் பார்த்தார். அவள் சம்மதிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டு இருந்தாள். மிஞ்சிய துணியில் மாரியாத்தாளின் சின்னவளுக்கு ஒரு சட்டை தைத்து ராஜபாளையம் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவாள். அது போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்குத் தெரியாது. சில வருஷம் கழித்து மாரியாத்தாள் காய்ச்சலில் போன சேதி, அவளை அடக்கம் செய்து இரண்டு மாதமான பிறகு, சோழபுரத்து வண்டிக்காரன் ஒருவன் வாயால் வந்தது.