அப்பாவுக்குத் திறந்த பகுதி

இன்று சந்தாபுரா பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது ஆறு வயது மகளின் பள்ளிச் சேர்க்கை ஃபார்ம் போனுக்கு வந்தது. பிரிந்துபோய் சேலத்தில் இருக்கும் மனைவி அனுப்பியது.

'தந்தை விவரம்' மட்டும் திறந்திருந்தது. மகளின் போட்டோ, உயரம், எடை எல்லாம் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்தன.

போன் செய்தேன். "மத்ததெல்லாம் தெரியலையே?"

"யாருக்கு எது வேணுமோ அதை மட்டும் திறந்துவிட்டா போதும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?" என்றாள்.

உண்மைதான். ஃபார்மை இப்படிப் பகுதி பகுதியாகப் பூட்டி அனுப்பும் வசதியைச் செய்த சாஃப்ட்வேர் டீமில் நானும் இருக்கிறேன்.

இருந்தாலும் எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். இல்லை. வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறோம்.

என் பகுதியை நிரப்பி அனுப்பிவிட்டேன்.

உங்கள் வீட்டில் ஆறு வயதுப் பெண் இருந்தால் சொல்லுங்களேன். பக்கத்தில் வந்து நின்றால் இடுப்பு வரை வருவாளா, அதற்கும் மேலேயா?